போன லாரியின் எடை

புளியரையில் சாரல்.
எடைமேடையில் எம்சாண்ட் ஏற்றிய டாரஸ்,
புனலூர் போக வேண்டும்.
திரையில் இன்னும்
ஒரு மணி நேரம் முன்னால் மலையேறிப் போன
வைக்கோல் லாரியின் எடை.

"உங்க சாப்ட்வேர் செத்துப்போச்சு சார்" என்று
போனில் சொன்ன முப்புடாதி
நான் பஸ்ஸில் வந்து இறங்கியதும் திருத்தினாள்:
"சாகல. உறைஞ்சு நிக்கும்.
ஜன்னலைச் சின்னதாக்கிப் பெருசாக்குனா நம்பர் வரும்.
சில நேரம் ரெண்டு நம்பர் ஒண்ணா வரும்."

காட்டினாள்.
மூன்றின் மேல் எட்டு ஏறி உட்கார்ந்திருந்தது.
ஒன்றின் இடுப்பில் நான்கு முளைத்திருந்தது.
உறைந்த நேரம் பார்த்துக் கால்குலேட்டரை மேலே இழுத்தாள்.
போன வழியெல்லாம் கால்குலேட்டர்,
ஈர மண்ணில் டயர்த்தடம் மாதிரி.

டிரைவர் ரெஜிமோன் எட்டிப் பார்த்தார்.
"இதில் ஏதா என்றெ வெயிட்டு?"

எட்டுக்குக் காரணம் உடனே தெரிந்தது.
புதிதாய் வரையும் முன் பழையதைத் துடைக்கும்
சூப்பர் என்று தொடங்கும் ஒரு வரி.
நான் எழுதவே இல்லை.
எழுதினேன்.

உறைவது பிடிபடவில்லை.
டீ ஆறி, பாலாடை கட்டி,
மூன்றாவது திரெட் டம்ப்பில் மாட்டினான்:
திரை வரைய இருக்கிற ஒரே ஆள்
சீரியல் போர்ட் வாசலில்
எண் ஆட்டம் அடங்கட்டும் என்று தூங்கிக்கொண்டிருந்தான்.
ஸ்லீப், ஐந்தாயிரம்.
கோடில் பக்கத்திலேயே குறிப்பு: தற்காலிகம்.
நான்கு வருடம் முந்தைய தேதி. என் பெயர்.

எஸ் வளைவில் ஒரு லாரிக்கு அச்சு முறிந்தால்
செங்கோட்டை வரை ஹாரன் கேட்கும்.
முப்புடாதியின் கிளிக்குகளும் அப்படித்தான்
ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருக்கின்றன,
ஹாரன் இல்லாமல்.

காத்திருக்க வேறொருவனை வைத்தேன்.
திரையை அவன் தொடக் கூடாது.
எண்ணை இன்வோக்லேட்டரிடம் கொடுத்துவிட்டு
வந்த வழியே போய்விட வேண்டும்.

டாரஸ் மறுபடி ஏறியது.
எண் ஓடியது, ஆடியது, நின்றது:
42,160.
ஒவ்வொரு இலக்கமும் கழுவி வைத்தது போல.
ஏழு டன் கூடுதல்.

ரெஜிமோன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.
"பழையது மதியாயிருந்நு."

முப்புடாதி எதுவும் சொல்லவில்லை.
சீட்டு அடிக்கும் முன்
ஜன்னலைச் சின்னதாக்கினாள்,
பெருசாக்கினாள்,
அப்புறம்தான் நம்பினாள்.