ஒரு மீட்டர்

ஒரு மீட்டர் சுக்குப்லா என்றான்
கொம்தார் மூன்றாம் மாடிக் கடைக்காரன்.
பதினெட்டு வெள்ளி. நானும் தலையாட்டினேன்.
அவன் என் வீட்டுச் சுவரைப் பார்த்ததில்லை.
தொலைக்காட்சி தொங்குவது தலைக்கு மேலே,
ஆகவே புதுக் கணினி இப்போது
மேசை, மேசைமேல் இரண்டு மைலோ டின்,
அதன்மேல் பலகாரத் தட்டு என்று ஏறி
உட்கார்ந்திருக்கிறது. நான் நிற்கிறேன்.
மடியில் வைக்க முடியாத மடிக்கணினி.
ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இரவு பதினொன்று.

பெட்டியைப் பிரித்தபோதே
பழைய வேலையின் வாடை வந்தது.
பதினோரு வருஷம் பாயான் லெப்பாஸில்
உருப்பெருக்கிக்குள் குனிந்து
சில்லுகளின் கால்களை எண்ணியவள் நான்.
வளைந்தது. உடைந்தது. சரி, சரி, சரி.
ஒரு நாளைக்கு மூவாயிரம் சரி.
அப்புறம் கேமரா வந்தது.
அது தும்மாது, கழிவறைக்குப் போகாது.
கையில் கொடுத்து அனுப்பிய பணத்தில்
ஒரு பங்குதான் இது.
இதன் வயிற்றுக்குள்ளும் ஒன்று இருக்கலாம்,
என் கண் பட்டும் கெட்டுப்போகாதது.

முதலில் மொழி கேட்டது.
தமிழ் நான்கு முறை வரிசையில் நின்றது:
இந்தியா, இலங்கை, சிங்கப்பூர்,
கடைசியில் எங்கள் ஆள், பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி.
அடுத்து பெயர்.
அடையாள அட்டையில் உள்ளபடி அடித்தேன்,
தவமலர் ஏ/பி அங்கமுத்து.
இந்த எழுத்தை ஏற்க முடியாது என்றது, சிவப்பில்.
எந்த எழுத்தை?
மூன்றாம் முறை வாசித்தபோதுதான் தெரிந்தது,
சாய்கோடு.
பள்ளி, கிளினிக், வங்கி,
வேலையை நிறுத்திய கடிதம் வரைக்கும்
எனக்கும் அப்பாவுக்கும் நடுவில்
ஏணி மாதிரி சாய்ந்து நின்ற கோடு.
எடுத்தேன்.
ஏயும் பியும் ஒட்டிக்கொண்டு விகாரமாய் இருந்தன.
அவற்றையும் எடுத்தேன். அங்கமுத்து மட்டும்
கொஞ்ச நேரம் என் பக்கத்தில் நின்றார்.
வரவேற்கிறோம் தவமலர் என்றது திரை.
யாரும் அப்படி முழுசாய்க் கூப்பிட்டு நாளாயிற்று.
அங்கே நான் நாற்பத்தேழாம் நாற்காலி.

சுவருக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில்
கையை நுழைத்துத் துழாவினேன்.
முதல் துளையில் ஆஸ்ட்ரோ.
இரண்டாவதில் தூசும் பல்லி முட்டை ஓடும்.
ஊதிவிட்டுச் செருகினேன்.
தியாடா இஷாரத்.
நீலக் கட்டம் ஒன்று மூலைக்கு மூலை மிதந்தது.
சைகை இல்லையாம்.
கழற்றினேன், திருப்பினேன், செருகினேன். இல்லை.
டின் ஒன்று உருண்டு விழ
பக்கத்து வீட்டு ஹஸ்லிண்டா சுவரைத் தட்டினாள்.
அதாவது ஒரு சைகை.
ரிமோட்டில் இரண்டுக்கு மாற்ற வேண்டும் என்பது
அதன் பிறகே உறைத்தது.

ஒரே மலை, இரண்டு இடத்தில்.
நகலா, நீட்சியா என்று கேட்டது.
நகல் எதற்கு, நான் ஒருத்தி போதும்.
நீட்சியை அழுத்தியதும் அம்புக்குறி காணாமல் போனது.
வலது ஓரத்தில் முட்டிப் பார்த்தேன், சுவர்.
இடப்பக்கம் தள்ளினால் வெளியேறி
தொலைக்காட்சியின் வலக்கோடியில் எட்டிப் பார்க்கிறது.
முன்வாசல் வழியே போய்
சமையலறைக்குள் நுழைவது போல.
சரிசெய்யலாம், பின்னால் ஒருநாள்.

பினாங்கு ஸ்திரீட் பாத்திரக்கடைக் கணக்கைத்
திறந்து மேலே தூக்கிவிட்டேன்.
நாளையிலிருந்து என் வேலை அது.
வலது கண்ணில் புகை படிந்த பிறகு
தாளில் எறும்பாய் ஊர்ந்த எண்கள்
இங்கே உள்ளங்கை அகலம்.
கீழிருந்து அண்ணாந்து எண்ணிக்கொண்டே போனேன்.
சரி, சரி, சரி.
பத்தொன்பதாம் வரியில் ஓர் ஏழு,
ஒன்றாக இருந்திருக்க வேண்டியது.
வளைந்தது, என்றேன் வாய்விட்டு.

கழுத்து வலிக்கிறது.
நாளைக்கு மூன்று மீட்டர் வாங்க வேண்டும்,
உட்காருவதற்கு.