ஜனவரி ஒன்று, 2012

துறைமுகம் மூடல் என்று ரேடியோ சொன்னபோது
மணி நாலரை. வெளிச்சம் போயே போய்விட்டது.
ஜூன் மாதத்துப் போர்வெனிரில் வழக்கம்தான்.
காற்று எண்பதைத் தாண்டினால்
ஜலசந்தியில் படகு விடமாட்டார்கள்.
இந்தக் கரையில் ஒன்பது லாரிகள்,
ஒரு டிக்கெட் ஜன்னல்,
ஜன்னலுக்குப் பின்னால் நான்.

மேசைக்கடியில் அந்த லேப்டாப்.
'கழிவு' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி
புந்தா அரேனாசுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.
அனுப்பவில்லை.
ஒரு விசை இல்லை, அந்த இடத்தில் ரப்பர் பொட்டு.
பேட்டரி செத்து நாலு வருஷம்.
பிளக்கில் இருக்கும்வரைதான் உயிர்.

பென் டிரைவைச் செருகினேன்.
அது கண்டுகொள்ளவே இல்லை.
எஃப் டூவை அழுத்த ஒரு கணம் உண்டு,
படகுக்குக் கயிறு எறிகிற மாதிரி.
முந்தினால் தண்ணீரில் விழும்,
பிந்தினால் படகு போயிருக்கும்.
ஆறாவது தடவை பிடித்தேன்.
நீல மெனு.
பழைய முறை என்றிருந்ததைப் புதிய முறை ஆக்கி,
வட்டை மொத்தமாகத் துடைத்து
லினக்ஸ் ஏற்றினேன்.
நாற்பது நிமிடம்.
எழுந்தது.
உன் பெயர் என்ன என்று கேட்டது.
யாஸ்னா என்று அடித்தேன்.

மாத்தே குடிக்கலாம் போலிருந்தது.
அறையில் ஒரே ஒரு பிளக்.
முறையாக அணைத்து, பிடுங்கி,
கெட்டிலைச் செருகினேன்.

மறுபடி அதைச் செருகினால்
கறுப்புத் திரை, வெள்ளையில் ஒரு வரி:
இயங்குதளம் எதுவும் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லையா?
இப்போதுதானே என் பெயரைக் கேட்டாய்?

மறுபடி எஃப் டூ, மறுபடி மெனு,
மறுபடி நாற்பது நிமிடம்.
மறுபடி யாஸ்னா.
மறுபடி மாத்தே.
மறுபடி கறுப்பு.

பதினொன்றுக்கு தெல்ஃபின் மன்சீயா வந்தான்,
உறைந்த ஆட்டிறைச்சி ஏற்றியவன்,
பிளாஸ்க்குக்கு வெந்நீர் கேட்டு.
கெட்டிலை வைத்துவிட்டுக் கதையைச் சொன்னேன்.
வட்டு போயிருக்கும் என்றான்.
ஈரக்காற்று என்றான்.
லேசாக ஒரு தட்டு தட்டிப் பார் என்றான்.
இது உனக்கு எதற்கு என்றும் கேட்டான்.
அதற்குப் பதில் நான் யோசித்து வைக்கவில்லை.

மூன்றாவது தடவை ஏற்றாமல்
மெனுவில் சும்மா உலாத்தினேன்.
முறை மறுபடி பழையதாகவே இருந்தது.
நான் தொடவே இல்லை.
மேல் மூலையில், சிறிய எழுத்தில் தேதி:
ஜனவரி ஒன்று, 2012.
நேரம், பன்னிரண்டு தாண்டி மூன்று நிமிடம்.

மூன்று நிமிடம் முன்னால்தான்
கெட்டிலைப் பிடுங்கினேன்.

அட மண்டே, இது வட்டு இல்லை.
ஒவ்வொரு கொதிக்கும் இது
பிறந்த நாளுக்கே திரும்பிப் போகிறது.
நான் சொன்னது எதுவும் அதற்கு நினைவில்லை,
அது மறுக்கவில்லை, மறந்துவிட்டது.

அடிமூடியில் இரண்டு திருகு.
தெல்ஃபினின் பேனாக்கத்தி.
உள்ளே நாணயம் போல ஒரு குட்டி பேட்டரி, செத்தது.
முதுகில் 2032 என்ற எண்,
ஏதோ வரப்போகும் வருஷம் போல.
ஊருக்குள் கடை திறக்க ஒன்பது மணியாகும்.

அவன் எதுவும் பேசவில்லை.
லாரிச் சாவியின் ரிமோட்டை நகத்தால் பிளந்து
அதிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.
அதே எண்.
'கதவுக்குச் சாவி இருக்கிறது' என்றான்.

தேதியைக் கையால் அடித்தேன். முறையை மாற்றினேன்.
அப்புறம், வேண்டுமென்றே,
பிளக்கைப் பிடுங்கி
ஒரு கெட்டில் தண்ணீரை முழுசாகக் கொதிக்கவிட்டேன்.
இருவரும் அதைக் குடிக்கவில்லை.

செருகினேன்.
கறுப்பு.
கறுப்பு.
பிறகு மளமளவென்று வெள்ளை வரிகள்,
பிறகு, யாஸ்னா.

பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு தெல்ஃபின் காற்றுக்குள் போனான்.
சாவியால் கதவைத் திறந்திருப்பான்.
ரிமோட் இல்லாமல் திறந்தால்
அலாரம் அலறும் என்பது
எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.
எட்டு லாரிகளில் எட்டு விளக்குகள் எரிந்தன.
யாரோ அவன் அம்மாவை இழுத்துத் திட்டினார்கள்.

மணி ஒன்று இருபத்தாறு, ஜூன் பதினேழு.
ஜன்னலுக்குப் பின்னால்
அது இப்போது இரண்டு பேருக்குத் தெரியும்.