வெள்ளியன்று விழுந்தது

முதல் டிராமை இன்று வேறு யாரோ எடுத்திருப்பார்கள்.
நான் பொன் நகரத்துக்கு வெளியே,
கோட்டன்ஃபோர்ஸ்ட் காட்டில்,
ஒரு பீச் மரத்துக்கு முதுகைக் கொடுத்து
ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
மிதித்த இடமெல்லாம் காட்டுப்பூண்டு மணம்.
குசினியை விட்டு எவ்வளவு தூரம் வந்தாலும்
குசினி பின்னால் வருகிறது.

பக்கத்து மரத்தடியில் கெரேயோன்,
ரொட்டி சுடுகிறவர்.
இரண்டு மணிக்கு எழும்புவது அவருக்கு வேட்டை அல்ல, வேலை.
இருவரும் ஒன்றாகத்தான் பரீட்சை எழுதினோம்;
அவர் பறவைகளில் தவறினார், நான் நாய்களில்.
இந்த வசந்தத்துக்கு ஒரே ஒரு சேவல் என்று அனுமதி.
ரொட்டிக்கடை மேசையில் காசு சுண்டினோம்.
அது மாவுக்குள் விழுந்து, ஊதிப் பார்த்தபோது
என் பக்கம் சிரித்தது.

"தும்மாதே" என்றார், அவ்வளவுதான்.
போன ஏப்ரலில் நான் தும்மியிருந்தேன்.

மடியில் கைக்கடங்கும் வட்டச் சிலேட்டு.
மரக்குச்சியால் மெல்ல இழுத்தால்
பெட்டை வான்கோழி பேசும்.
கணக்குப் பாடத்தில் பல் கூசிய அதே கிறீச்சு,
இங்கே அது காதல்.
நாலு மாதம் கடைசி நிறுத்தத்தில்,
கதவுகளைப் பூட்டிவிட்டுப் பழகினேன்.
ஒருநாள் தூங்கிப்போன பயணி ஒருவர் எழும்பி
"கோழி எங்கே?" என்று கேட்டார்.

இழுத்தேன். மூன்று முறை.
நிறுத்தினேன்.

தூரத்தில், மரக்கிளையிலிருந்து,
யாரோ ஒரு சாக்கு கூழாங்கல்லைப்
படிகளில் உருட்டிவிட்டது போல
பதில்.

பிறகு ஒன்றுமில்லை.
விடிந்தது. ஒரு மரங்கொத்தி கணக்குத் தீர்த்தது.
இடது கால் மரத்து யாருடையதோ ஆகியது.
டிராமில் காலை எடுத்தால் வண்டி நின்றுவிடும்;
இங்கே அசைத்தால் காலையே நின்றுவிடும்.
நாற்பது நிமிடம்.
கெரேயோன் கண்ணால் மட்டும் கேட்டார்: இன்னொரு தரம்?
நானும் கண்ணால்: வேண்டாம்.
அதிகம் கூப்பிடுகிற பெட்டையை
எந்தச் சேவலும் நம்பாது.

வெள்ளைப் பூக்களின் மேல்
முதலில் தலை மட்டும் வந்தது.
சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம்.
பிறகு சுண்ணாம்பு வெள்ளை.
பிறகு உடல் முழுவதும் திறந்தது,
வெண்கலப் பாத்திரக் கடை ஒன்று
கதவைத் தூக்கியது போல.

மயிலைப் பார்த்து ஆடியதாம்.
அப்படித்தான் இந்தப் பறவையை எனக்குச் சொல்லித் தந்தார்கள்,
வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.
எந்த மயில்?
இந்தக் காட்டில் மயிலே இல்லை.
சிறகு நுனி நிலத்தைக் கீற, சுற்றி, நின்று, சுற்றி,
இல்லாத ஒரு பெட்டைக்காக
அது தன் ஆட்டத்தை ஆடியது.
இல்லாத பெட்டை நான்.

சிலேட்டைப் பாசியில் வைத்தேன்.
அது ஒரு மரத்தின் பின்னால் போன கணத்தில்
துப்பாக்கி தோளுக்கு வந்தது.
மறுபக்கம் வெளிவந்து கழுத்தை நீட்டி,
"எங்கே நீ?" என்றது.

சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.
பூக்கள் மட்டும் குனிந்து நிமிர்ந்தன.

ஓடினேன், மரத்த காலோடு, விழுந்து எழும்பி.
கையில் சூடு.
தலையின் நீலம் ஒவ்வொரு தெருவிளக்காய் அணைந்தது.
கெரேயோன் ஓக் கொப்பு ஒன்றை முறித்து
அதன் சொண்டில் வைத்தார், கடைசிக் கவளம்.
இன்னொன்றை இரத்தத்தில் தொட்டுத்
தொப்பியின் மேல் ஏந்தி எனக்கு நீட்டினார்.
"வைட்மன்ஸ்ஹைல்."
பதிலுக்கு ஒரு சொல் உண்டு, மனப்பாடமாக எழுதி
முழுமதிப்பெண் வாங்கிய சொல்.
வாயில் வந்தது "மன்னிச்சுக்கொள்" மட்டும்.
யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

ஆறு கிலோ எழுநூறு.
பேக்கரித் தராசு, பொய் சொல்லாது.

வீட்டுக் கதவைத் திறந்த சுகிர்தன்
பறவையைப் பார்த்தார், என் தொப்பிக் கொப்பைப் பார்த்தார்,
சுவர்க் கலண்டரைப் பார்த்தார்.
"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

நிலவறையில் தலைகீழாகத் தொங்குகிறது.
மேலே பருப்பும் பூசணிக்காயும் கொதிக்கின்றன.
உப்புப் பார்க்க என்று சொல்லிவிட்டு
இரண்டு முறை கீழே போய்விட்டேன்.
நிலவறையில் உப்பு இல்லை.