கடைசி நாலு நம்பர்

செக்காலை ரோட்டில், மருந்துக் கடைக்கு மேலே
ஒற்றை அறை.
தாள் பறக்காமலிருக்கச் செத்துப்போன ஹார்டு டிஸ்க் ஒன்று.
இங்கிருந்துதான் எழுதுகிறேன்,
முப்பதாயிரம் பேக்கேஜ் அடுக்கிய ஒரு பதிவகம்
வந்து கேட்பவருக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று.

இன்றைக்கு அதற்கு ஏழு கதவு. ஏழும் ஏழு விதம்.
ஒன்று பட்டியல் தரும்.
ஒன்று படம் காட்டும்.
ஒன்று, அடுத்த கதவில் கேள் என்னும்;
அடுத்தது, முந்தினதில் கேள் என்னும்.
கேட்க வந்த நிரல்
முப்பது விநாடி நின்று பார்த்துவிட்டுச் சுருண்டு விழும்.

முதல் விதி சுலபமாக வந்தது:
பக்கம் அழகாக இருக்க வேண்டாம்.
வரிக்கு ஒரு சுட்டி. வேறொன்றும் கூடாது.
படிக்கப்போவது கண்ணில்லாத ஒன்று,
நடுராத்திரியில், எங்கோ, அவசரமாக.

இரண்டாவது விதியில் மூன்று வாரமாக நிற்கிறேன்.
பெயர்.
கீழ்க்கோடு இழுத்தவர், சிறுகோடு இழுத்தவர்,
புள்ளி வைத்தவர், பெரிய எழுத்தில் தொடங்கியவர்,
எல்லாம் ஒரே பெயரா?
ஒன்றே என்கிறேன் நான்.
வேறு என்கிறாள் ஓஸ்லோவிலிருந்து இங்கரிட்.
கடிதத்துக்குக் கடிதம்
உமையாள் என்ற என் பெயரை ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறாள்.
எல்லாம் எனக்குத்தான் வந்து சேர்கிறது.
இதை அவளுக்குச் சொல்லிக்காட்டி
ஜெயித்துவிட்டதாக நினைத்திருந்த மத்தியானம்
கூரியர் சவரிமுத்து படியேறி வந்தார்.

“அ.லெ. வீட்டுக்கு ஒண்ணு, ஆனா லேனா வீட்டுக்கு ஒண்ணு,
ஏ.எல். வீட்டுக்கு ஒண்ணு.
முதல் ரெண்டும் ஒரே வீடு மேடம்.
மூணாவது கோட்டையூர்ல, இவங்களுக்கு ஒட்டுமில்ல உறவுமில்ல.
போன மாசம் ஒண்ணுன்னு நெனச்சுக் கொடுத்துட்டேன்.
மருந்துப் பார்சல். பெரிய ரகளை.”

அப்ப எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

“பேரு தெருவுக்குக் கொண்டுபோய் விடும்.
கொடுக்கிறது போன் கடைசி நாலு நம்பர் பார்த்துத்தான்.”

அவர் தண்ணீர் குடித்து இறங்கிய பிறகு
இரண்டாவது விதியை அடித்துத் திருத்தினேன்:
கோடும் புள்ளியும் ஒன்றே. ஆகவே
அந்தப் பெயரில் இரண்டாவதாக வருபவருக்கு இடமில்லை.
ஏற்கெனவே உள்ளே மோதிக்கொண்டிருக்கும் பதினொரு ஜோடியை
யாரும் தானாக ஒன்றாக்கக் கூடாது;
எழுதியவரைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும்.
மூன்றாவது: ஒவ்வொரு சுட்டியோடும் அதன் ஹாஷ்.
அறுபத்துநாலு எழுத்து. ஒன்று பிசகினாலும்
வாங்காதே, திருப்பி அனுப்பு.

கெட்டுப்போன பதிப்பை என்ன செய்வது என்று
எழுத ஆரம்பிக்கையில் கரண்ட் போனது.
அழிக்காதே, “திரும்பப் பெறப்பட்டது” என்று குறித்து
காரணத்தோடு அங்கேயே வை.
இதை இருட்டில் தட்டினேன், பேட்டரி பன்னிரண்டு சதவீதம்.

அனுப்பினேன். உடனே இங்கரிட்டின் பதில்:
பதினொரு ஜோடியில் ஒன்று அவளுடையதாம்.
அதனால்தான் மூன்று வாரமா என்று கேட்கவில்லை.

கரண்ட் வந்ததும்
சவரிமுத்து என்னிடம் கொடுத்துப் போன பார்சலைப் பிரித்தேன்.
ஆறு முழம் ஜாக்கெட் துணி, ஊதா.
நான் எதுவும் கேட்டு வாங்கவில்லை.
உறையைத் திருப்பிப் பார்த்தேன்:
உமையாள்தான். செக்காலை ரோடுதான்.
கடைசி நாலு நம்பர்
என்னுடையது இல்லை.