நான்கு நிமிடம், பதினோரு நொடி

எதைக் கேட்கலாம் என்று
கடைக்கு வருபவர்கள் கேட்பார்கள்.
பரிசு வாங்கிய பதிவுகளின் பட்டியல்
கதவிலேயே ஒட்டியிருக்கிறது.
என் கை போவது வேறு அலமாரிக்கு.

முதல் அடி விழுமுன்
இசை நடத்துனர் மூக்கால் இழுத்த மூச்சு
அப்படியே பதிந்துபோன சிம்பொனி.
பிப்ரவரியில் வாசித்தது என்று
இருமல்களே தேதி சொல்லும் பியானோ கன்செர்ட்டோ.
மூன்றாவது ஹார்ன் ஒருமுறை தடுக்கி விழுந்து,
யாரும் பார்க்கவில்லை என்பதுபோல
எழுந்து நடக்கும் அந்த இரண்டாம் பாகம்.
தடுக்கி விழாதவர்களும் இருக்கிறார்கள்.
விலை கொஞ்சம் கூட.

ரீகாவில் அன்று பனி
மழையாகவும் இல்லை, பனியாகவும் இல்லை.
குன்வால்டிஸ் உள்ளே வந்தார்.
முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவர்.
காலணி ஈரம் தரையில் வட்டம் போட,
நான் போன வாரம் விற்ற குறுந்தகட்டை
மேசைமேல் வைத்தார்.

"என்னை அழித்துவிட்டார்கள்."

வயோலா கன்செர்ட்டோ, மெதுவான பாகம்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங்கல் தேவாலயத்தில்
நள்ளிரவுக்குப் பிறகு பதிவு செய்தது.
பகலில் அங்கே தெரு ஓயாது.
கடைசி வண்டியும் போயிற்று என்று நினைத்து
ஒலிப்பதிவாளர் விளக்கைச் சிவப்பாக்கியிருக்கிறார்.
கடைசி வண்டி தாமதம்.
நான்கு நிமிடம், பதினோரு நொடியில்
தேவாலய வளைவில் அது திரும்புகிறது:
இரும்பின்மேல் இரும்பு,
அடிவயிற்றில் கேட்கும் ஓர் உறுமல்.

அவரிடம் இருந்தது பழைய இசைத்தட்டு.
பேரன் அதன்மேல் உட்கார்ந்த பிறகு
புதியது வாங்க வந்திருந்தார்.
புதியதைச் சுத்தம் செய்திருந்தார்கள்.
உறையிலேயே பெருமையாகப் போட்டிருந்தது:
'இரைச்சல் முற்றிலும் நீக்கப்பட்டது.'

கடையின் பின்னறையில்
எனக்கென்று வைத்திருந்த ஒரு தட்டு இருந்தது.
இரண்டையும் அடுத்தடுத்து வைத்தேன்.
சுத்தமானதில்
அவுஸ்மா என்ற அந்த வயோலாக்காரி
ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.
நிற்கிறாள்.
இன்னும் நிற்கிறாள்.
அழகுதான். ஆனால் கொஞ்சம்
தன் குரலைத் தானே ரசிப்பவள்போல.

பழையதில் ஊசி இறங்கியது.
அதே வில், அதே சுரம்.
அடியில் டிராம் வருகிறது.
அவள் காத்திருக்கிறாள்!
குறுக்கே போகிறவருக்கு வழிவிட்டு
கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல,
வில்லின் கடைசி முடிவரை இழுத்து,
வண்டி வளைவைக் கடந்த பின்தான்
அடுத்த சுரத்தில் கால் வைக்கிறாள்.

இருபது வருடம் இதை விற்றிருக்கிறேன்.
நீளமாக வாசிக்கிறார் என்று
வாடிக்கையாளர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

பணத்தை எண்ணி நீட்டினேன்.
"உங்களுக்காக நின்றிருக்கிறார்," என்றேன்.
அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே
ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"வண்டி என்னுடையது. முறையும் என்னுடையது.
அன்றைக்கு ஐஸ் ஹாக்கி ஆட்டம்.
மாற்றிக்கொண்டது வெல்தா.
வளைவில் அவள் ஒருபோதும்
வேகத்தைக் குறைக்கமாட்டாள்.
எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்."

வெல்தா யார் என்று நான் கேட்கவில்லை.
யார் ஜெயித்தது என்று கேட்டேன்.
"மூன்றுக்கு இரண்டு. தோற்றோம்," என்றார்.

என் தட்டை உறையில் போட்டுக் கொடுத்தேன்.
விலை சொல்ல வாய் வரவில்லை;
பிறகு சொன்னேன், கடை என் அப்பனுடையதல்ல.
முழுதாகக் கொடுத்தார், சில்லறை உட்பட.

இப்போதெல்லாம் யாராவது
நல்ல வயோலா பதிவு கேட்டால்
சுத்தமானதைத்தான் தருகிறேன், வேறு இல்லை.
தரும்போது மட்டும் சொல்கிறேன்:
நான்காம் நிமிடம் தாண்டியதும்
அவர் ஓரிடத்தில் நெடுநேரம் நிற்பார்.
குறை என்று நினைக்காதீர்கள்.
தெருவில் ஆள் வருகிறது.