ஐந்து அம்பியர், ஸ்லோ

திங்கள் விடிய ஐஸ் பக்டரியால் வந்தவர்
சட்டை கழற்றமுன் ரிசீவரைத் தட்டினார்.
வெளிச்சம் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை.
"நீங்கள்தான் முறுக்கி முறுக்கிக் கெடுத்தது" என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லாமல்
மீன்பெட்டி வாசத்தோடு கட்டிலில் சரிந்தார்.

ஆறு நாள் நான் அதையே சொன்னேன்.
சோறு போடும்போது ஒருதரம்,
ஒழுங்கையில் பிலோமினாக்கா கேட்க ஒருதரம்.
மொன்றியல் மச்சாள் பரலுக்குள்
சோப்புக்கும் சொக்கிளேற்றுக்கும் நடுவில்
போர்வை சுற்றி அனுப்பிய சாமான்.
"உங்கட கைக்கு இரும்பும் நிக்காது."
மேசை ஃபானும் அந்தக் கிழமை
காய்ச்சல்காரன்போலத்தான் சுற்றியது.
அதையும் அவர் பற்றிலேயே எழுதினேன்.
நான் குருநகர்ச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து
அலுமாரிக்குப் பின்னால் கையை மட்டும் விட்டு
பிளக்கைப் பிடுங்கினேன்.
பதினொரு ஸ்குரூ ஆணி, சாசருக்குள்.
ஐந்தொகை பொருந்தாத நாளில் செய்வதுபோல
முதல் வரியில் இருந்து:
கரண்ட் வருகிறதா? அதே ஓட்டையில் லாம்பைக் குத்தினேன்,
பளிச்சென்று எரிந்தது.
வயர் அறுந்ததா? மீற்றர் கீச்சிட்டது, இல்லை.
மூடியைத் தூக்கினால்
ஈசல் சிறகு, உப்புக்காற்றுப் பூத்த பச்சை,
ஓரத்தில் பியூஸ்.

வயதுபோய்ச் சாகிற பியூஸில்
கம்பி மட்டும் நடுவில் விலகி நிற்கும்,
கண்ணாடி கண்ணாடியாய் இருக்கும்.
இது கறுத்து, வெள்ளி பூசி,
பொட்டு வைக்கலாம்போல் முகம் காட்டியது.
பக்கத்தில் பனடோல் அளவு நீலத் தட்டு
பிளந்து கருகி.
அளவுக்கு மேல் வந்தால்
தான் செத்து வாசலை அடைப்பது அதன் வேலை.
பாட்டைக் கூட்டினால் அது சாவதில்லை.
சுவர் வழியாய் ஏதோ வந்திருக்கிறது.

டோர்ச்சோடு அலுமாரிக்குப் பின்னால் தவழ்ந்தேன்.
லாம்ப் எரிகிற ஓட்டை
நேரே சுவருடையது. இருநூற்று முப்பது.
மச்சாள் ஊர்க் கரண்டாய் வடித்துக் கொடுக்கும்
பாரமான பெட்டி,
எந்தப் பிளக்கையும் விழுங்கும் வாயோடு
ஒரு சாண் தள்ளி இருந்தது.
அதற்குள் ஃபான்.

லாம்ப் பளிச்சென்றபோதே விளங்கியிருக்கவேணும்.

போன ஞாயிறு அலுமாரியை நகர்த்தி,
பிளக் எல்லாம் பிடுங்கி,
கூட்டித் துடைத்து,
இருட்டுக்குள் தடவித் திரும்பக் குத்தியது
அவர் இல்லை.

மறுநாள் கஸ்தூரியார் வீதி.
"ஸ்லோவோ, பாஸ்ற்றோ அக்கா?"
"ஸ்லோ. ஐந்து அம்பியர்."
"என்ன நடந்தது?"
"கரண்ட் கூடி வந்திட்டுது" என்றேன்.
நல்ல வசனம். அதற்குள் ஆளே இல்லை.
கடைக்காரப் பெடியன் சிரித்தான்,
நீலத் தட்டு வியாழன்தான் வருமாம்,
அதுவரை இல்லாமலே ஓடும், கவனம் என்றான்.

பின்னேரம் நாலு மணி. அவர் நித்திரை.
கருகியதை ஈயம் உருக்கிக் கழற்றி,
பியூஸ் போட்டு,
முதலில் ஒரு குண்டு பல்ப் வழியாகக் கரண்ட் விட்டேன்.
உள்ளே இன்னும் சோட் என்றால் பல்ப் எரிந்துகொண்டே இருக்கும்.
எரிந்தது.
எண்ணத் தொடங்கினேன்.
இரண்டுக்கு முன் மங்கியது.
பல்பை எடுத்துவிட்டுப் பெட்டியில் நேரே குத்தி அழுத்த,
மூன்று மூச்சுக்குப் பிறகு உள்ளே "டக்."
ஒரு ஆண் குரல் சாவகாசமாய்ச் சொன்னது:
காங்கேசன்துறைக் கடற்பரப்பில்
அலை ஓரளவு கொந்தளிப்பாக இருக்கும்.

அவர் எழும்பவில்லை.
ஃபானைச் சுவரில் குத்தினேன்.
எட்டு நாள் கழித்து முழு வேகம்:
கலண்டர் படபடத்தது, அவரின் சாரம் பறந்தது,
கண் திறந்தார்.
"ஃபானை ஆர் திருத்தினது?"

திருத்த அதில ஒண்டும் இருக்கேல்லை
என்று தொடங்கி,
பத்து ஆணிதான் இருந்த சாசரைக் காட்டி,
பதினோராவதைத் தேடக்
கட்டிலுக்குக் கீழே குனிந்தேன்.