மயிரிழை

மூடினால் இடப்பக்கம் உரசுகிறது.
மயிரிழைதான். ஆனாலும் உரசுகிறது.

இரண்டு கொம்புத் தகடுகளுக்கு நடுவே கத்தி,
கோபத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த
ஆளைப்போல.

ஆணித்தலையில் ஒரு தட்டு. இன்னொன்று.
இப்போது திறக்கவே மாட்டேனென்கிறது.

மூன்று நாள் இரும்பையே திட்டினேன்.

செவ்வாய்ப்பேட்டையில் சாணைபிடிக்கும் மரகதவல்லி
கத்தியைப் பார்க்கவேயில்லை.
பிடியை விரலால் நீவி,
"கொம்பு வளைஞ்சிருக்கு.
சூட்டுல எங்க வெச்சே?"

ஏற்காட்டிலிருந்து இறங்கிய பஸ்ஸில்,
எஞ்சின் மூடிமேல்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
அங்கேயேதான் கிடந்தது.
சொல்லவில்லை.

வெந்நீரில் முக்கி
மரக்கட்டைகளுக்கிடையே இறுக்கி
மறுநாள் வரச்சொன்னாள்.

போனேன். மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன்.
இரண்டு பக்கமும்
ஒரே அளவு இருட்டு.

நாற்பது ரூபாய் கேட்டாள்.
கத்தியிடம் என்ன சொல்வதென்று தெரியாமல்
துடைத்துக்கொண்டே நின்றேன்.